தனியாகப் புறப்பட்ட பெட்டி

நான் அந்தப் பெட்டியைத் தொலைக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் தொலைத்தேன் என்றுதான் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதனால் முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பெட்டி எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும். அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது, நாங்கள் இந்தப் பக்கம் இருந்தோம், அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு ஸ்ரீரங்கத்தில், புத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை. (உதவிக் கம்பவுண்டர். ‘உதவி’யை நான் வெளியில் சொல்வதில்லை.) எங்கள் டாக்டர் ஞானம்மாள் கார்த்திகை மாதத்தில் ஒரு புதன்கிழமை வடக்கே துறையூருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கண்புரை ஆபரேஷன் செய்வதாக ஏற்பாடு. அங்கே ஒரு வாத்தியார் காத்திருந்தார். இரண்டு கண்ணும் மங்கிப்போய், பாடத்தை மனப்பாடமாகவும் பிள்ளைகளைக் குரலை வைத்தும் சமாளித்துக்கொண்டிருந்தார். தை மாதம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார். அதற்குள் கண் தெரியாவிட்டால் வேலை போய்விடும் என்று அவர் மனைவி டாக்டருக்கு இரண்டு கடிதம் எழுதிவிட்டாள்.

“புதன்கிழமை வடக்கே சூலம்டா, அந்தப் பக்கம் கிளம்பப்படாது” என்றாள் என் அம்மா. “சூலத்துக்கு எதிர்க்கப் போய் ஒருத்தர் கண்ணுல கத்தி வைப்பாளோ? திங்கட்கிழமை நாள் நன்னாருக்கு. பரஸ்தானம் வச்சுடு.”

நல்ல நாளில் நம்மால் கிளம்ப முடியாவிட்டால், நம் பொருள் ஒன்றைப் போகிற திசையில் தெரிந்தவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவதற்குத்தான் பரஸ்தானம் என்று பெயர். பொருள் கிளம்பினால் நாமும் கிளம்பியது போல. பிறகு எந்த நாளிலும் போய் அதை எடுத்துக்கொண்டு மேலே நடக்கலாம். அம்மா ஒரு மேல்துண்டை மடித்துக் கொடுத்தாள். உலகத்தில் எல்லோரும் துண்டுதான் வைப்பார்கள். நான் யோசித்தேன். (அந்த வயதில் நான் யோசித்ததெல்லாம் இப்படித்தான் முடிந்திருக்கிறது.) துண்டு நல்ல நேரத்தில் போனால் துண்டுக்குத்தானே நல்லது? ஆபரேஷன் செய்யப்போவது துண்டா?

ஆபரேஷன் கத்திகளையும் கருவிகளையும் அடுக்குவது என் பொறுப்பு. திங்கட்கிழமை அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, மாட்டு வண்டியில் ஏற்றி, கொள்ளிடப் பாலத்தைத் தாண்டி வடகரையில் இருந்த என் அக்கா புருஷர், அத்திம்பேர் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் இருந்ததே அந்த ஒரு பெட்டிதான்.

செவ்வாய்க்கிழமை புயல் வந்தது. கார்த்திகையில் புயல் வருவதில் எனக்கு ஆட்சேபமில்லை. வருஷத்தில் இத்தனை நாள் இருக்க, அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வாசலில் புங்கமரம் விழுந்து கிடந்தது. டாக்டர் வானத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இந்த மழையில போக முடியாது. அடுத்த மாசம்தான். பெட்டியைத் திரும்ப அலமாரியில வச்சிடுங்க, சீனிவாசன்.”

“பெட்டி புறப்பட்டுடுத்து, டாக்டரம்மா.”

“யாரோட?”

“தனியாத்தான்.”

விஷயத்தை விளக்கினேன். டிரைவர் காதர் பாய் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யா அல்லா! டிக்கெட் எடுத்துச்சா, தம்பி?”

டாக்டர் சிரிக்கவில்லை. “வடகரையிலயா? கொள்ளிடம் ஏறிக்கிட்டிருக்கு! வண்டியை எடுங்க, பாய்.”

பாலத்தில் போலீஸார் வண்டிகளை விடவில்லை. டாக்டர் இறங்கி மழையில் விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன். பாலத்தின் நடுவில் என் குடை என்னை விட்டுப் பறந்துபோயிற்று. (அதுவும் வடக்கேதான் போயிற்று. சூலம் அதை ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை.)

அத்திம்பேர் வீட்டில் பெட்டி ஒரு மணைமேல் உட்கார்ந்திருந்தது. சந்தனம், குங்குமம், துளசி மாலை. டாக்டர் கையை நீட்டினார். அத்திம்பேர் குறுக்கே வந்து நின்றார்.

“மன்னிக்கணும். பரஸ்தானம் வச்ச பெட்டி திரும்பக் கூடாது. மேல போகலாம். திரும்பினா அபசகுனம்.”

“இது என் ஆஸ்பத்திரிப் பெட்டிங்க!”

“யார் பெட்டியா இருந்தா என்ன, கிளம்பின பெட்டியோன்னோ?”

டாக்டர் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். பாலத்துக்கு வந்தால், அதற்குள் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. “இனிமே ஆளும் போகக் கூடாதுங்கம்மா” என்றார் கான்ஸ்டபிள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “உங்க அத்திம்பேரும் போலீசும் பேசி வச்சிக்கிட்டாங்களா?” என்று கத்தினார். நான் என்ன செய்வேன்? பாலத்தை நானா மூடினேன்? பிறகு, “அந்த வாத்தியார் காத்துக்கிட்டிருப்பாரு. ஒரு வண்டி பாருங்க. மேலேயே போவோம்” என்றார்.

அத்திம்பேர் ஜயித்த சந்தோஷத்தில் தாமே ஒரு கூண்டு வண்டி பிடித்துக் கொடுத்தார். நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு, வண்டிக்குள் தலையை நீட்டி நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

“ஏண்டா சீனு, வடக்குச் சூலத்துக்குப் பரிகாரம் பால்தானே? ஒரு வாய் பால் சாப்பிட்டுட்டு இன்னிக்கே எல்லாருமாக் கிளம்பியிருந்தாப் போறாதோ?”

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. துறையூர் போய்ச் சேரும்வரை பெட்டியை அவர் மடியிலிருந்து இறக்கவில்லை.

மறுநாள், பெட்டிக்குள் மழையோடு கரைந்து இறங்கியிருந்த குங்குமம் போகும்படி கருவிகளையெல்லாம் மூன்று தடவை கொதிக்கவைத்தேன். ஆபரேஷன் நடந்தது. தை மாதக் கடைசியில் வாத்தியார் தம் கையாலேயே எழுதிய கடிதம் வந்தது. இன்ஸ்பெக்டர் எதைக் காட்டினாலும் படித்தாராம், வேலை நிலைத்துவிட்டது. டாக்டருக்கு நன்றி சொல்லியிருந்தார், வண்டிக்காரருக்குச் சொல்லியிருந்தார், அந்தச் சேற்றில் இழுத்த மாடுகளுக்குக்கூடச் சொல்லியிருந்தார். என் பெயர் இல்லை. இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன்.

நியாயத்தைக் கேட்கிறேன். நான் மட்டும் அன்றைக்குப் பாலைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால், பெட்டி அலமாரிக்குப் போயிருக்கும். அடுத்த மாதம் ஆபரேஷன் செய்தால் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் கண் ஆறியிருக்காது. வாத்தியார் வேலையை விட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இதை எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் வீட்டில் காது கொடுத்துக் கேட்பவர் கிடையாது. நான் செருப்பைத் தேடினாலே மருமகள் டம்ளர் பாலோடு வந்து நிற்கிறாள். எனக்குப் பால் பிடிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

போன வாரம் தபால் போடக் கிளம்பினேன். வழக்கம்போலப் பால் வந்தது. “தபாலாபீஸ் தெற்கேம்மா. தெற்குச் சூலத்துக்குப் பால் இல்லை, தைலம்” என்று பெரிய பண்டிதன்போலச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். உள்ளே போய்த் தைலக் கிண்ணத்தையும் எடுத்து வந்தாள்.