மாப்பிள்ளை வண்டி வலப்பக்கம் திரும்புகிறது

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தி வாண்டும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் காரும் இப்போது பூரண சுகம். 'இப்போது' என்ற சொல்லைப் பார்த்துப் பதற வேண்டாம், விவரமாகச் சொல்கிறேன்.

வெளியூர் கிளம்பும்போது கார் சாவியை என் கையில் கொடுத்து, "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வச்சீங்கன்னா போதும் மாமா, ஓட்டணும்னு இல்ல" என்றீர்கள். அது உங்கள் பெருந்தன்மை. நின்ற இடத்திலேயே உறுமிவிட்டுப் படுத்துக்கொள்ள அது என்ன காவல் நாயா? ஆகவே ஓட்டினேன். அதோடு எனக்கு ஒரு காரியமும் ஆக வேண்டியிருக்கிறது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் திரும்பி வந்ததும் வாண்டு பள்ளிக்கூடத்தில் சேர்கிறாள். தினமும் அவளைக் காரில் கொண்டுபோய் விடுகிற வேலையை எனக்குத் தர வேண்டும் என்று கேட்டிருந்தேன். என் மகள் "பார்க்கலாம்ப்பா" என்றாள். சின்ன வயதில் அவள் சைக்கிள் கேட்டபோதெல்லாம் நான் சொன்ன "பார்க்கலாம்மா"தான் அது. அதன் பொருள் எனக்குத் தெரியாதா? அதனால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, வண்டி விஷயத்தில் மாமா எப்பேர்ப்பட்ட ஆள் என்பதை நீங்கள்தான் அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதல் வாரமே, வலப்பக்கம் திருப்பும்போதெல்லாம் முன்சக்கரத்தருகே 'டொக்' என்று ஒரு சத்தம். இடப்பக்கம் திருப்பினால் இல்லை, நேரே போனால் இல்லை. "டிக்கியில ஏதாவது உருளுதோ என்னவோ" என்றாள் அத்தை. ஸ்டெப்னி, ஜாக்கி, வாண்டுவின் கையொடிந்த பொம்மை வரை எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு ஓட்டினேன். டொக். சரி, காரணம் தெரியும்வரை வண்டியை நோகடிக்கக் கூடாதென்று இடப்பக்கம் மட்டுமே திருப்புவது என முடிவு செய்தேன். மூன்று முறை இடப்பக்கம் திரும்பினால் ஒருமுறை வலப்பக்கம் திரும்பியதாகிவிடும், சாதாரணக் கணக்கு. நம் தெருக்களைப் போட்ட மகானுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்கவில்லை. அத்தையைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனபோது மருத்துவமனைப் பலகை அடிக்கடி கண்ணில் பட்டது, கிட்டே போகத்தான் முடியவில்லை. "நிறுத்துங்க, நான் எறங்கி நடந்தே போறேன். நீங்க இடப்பக்கமாவே உலகத்தைச் சுத்திட்டு வாங்க" என்று இறங்கிவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். வாயில் பஞ்சு இருந்ததால் திரும்பி வரும் வழி அமைதியாகக் கழிந்தது.

பிறகு மெக்கானிக்கிடம் போனேன். ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்ஸில் போயிருச்சு சார், மாத்திடலாம்" என்றார். நான் விடுவேனா? மண்ணில் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, தரைக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லியே பணி ஓய்வு பெற்றவன் நான். "ஆக்ஸில்னா சக்கரம் சுத்தச் சுத்த டக்டக்குனு வந்துகிட்டே இருக்கணும் தம்பி. இது ஒரே ஒரு டொக். யோசிங்க" என்றேன். "சார் எந்த கம்பெனி மெக்கானிக்கா இருந்தீங்க?" என்றார். "குடிநீர்க் குழாய்" என்றேன். அவர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

வண்டியை இடப்பக்கமாகவே ஓட்டி வீடு சேர்த்து, அத்தையை ஸ்டீயரிங் முன் உட்கார வைத்து, பழைய கம்பியைத் தூசி தட்டி எடுத்து, ஒரு முனையை முன்சக்கரத்து ஸ்பிரிங் மேலும் மறுமுனையை என் காதிலும் வைத்துக்கொண்டு, "இப்ப திருப்பு" என்றேன். அவள் ஹாரனை அழுத்தினாள். கை தவறிப் பட்டுவிட்டதாகச் சொல்கிறாள். அன்று மாலை வரை அந்தக் காது என் வசத்தில் இல்லை. காது போனால் கை இல்லையா? ஸ்பிரிங் மேல் கையை வைத்தேன். ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டே போய், சட்டென்று துள்ளியது. டொக்! நின்ற வண்டியில்! ஸ்பிரிங்குக்கு மேலே, அது சுழலுவதற்காக இருக்கிற பேரிங் இறுகிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். மெக்கானிக்கை வரவழைத்து அவர் கையையும் அங்கே வைத்தேன். "அட, ஆமா சார்!" என்றார். அந்த 'அட' போதும் எனக்கு. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பேரிங்கை மாற்றினார், சத்தம் போன இடம் தெரியவில்லை. தேவையே இல்லாத திருப்பங்களில்கூட வலப்பக்கம் திரும்பித் திரும்பி வீடு வந்தேன்.

ஆகவே மாப்பிள்ளை, பேத்தியை ஒப்படைக்க இதைவிடப் பொறுப்பான ஓட்டுநர் உங்களுக்கு எங்கே கிடைப்பார்? அவள் பின்சீட்டில் உட்கார்ந்து "அது ஏன் தாத்தா, இது ஏன் தாத்தா" என்று தொணதொணத்துக்கொண்டு வர வேண்டும், நான் பதில் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். நீங்கள் போனதிலிருந்து என்னிடம் கேள்வி கேட்க ஆளில்லை. அத்தை கேட்கிற கேள்விகள் வேறு ரகம். உண்மையைச் சொன்னால், வாண்டு இல்லாமல் வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

மகளுக்கு என் ஆசிகள், வாண்டுவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நிம்மதியாகத் தூங்குங்கள். வண்டிக் கவலையை என்னிடம் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட வண்டியை எடுத்தேன். வாசலில் வலப்பக்கம் திருப்பினேன், சத்தமே இல்லை. அந்த மகிழ்ச்சியில் இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அங்கே வாசல் தூண் இருந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, தூணுக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. வண்டியைத்தான் பட்டறைக்காரர்கள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அத்தை கோபப்படவில்லை. "பள்ளிக்கூடம் அடுத்த தெருவுலதானே இருக்கு, அதுக்கு எதுக்குங்க காரு?" என்று மட்டும் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், நியாயம்தான். எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, வாண்டுவை நான் நடத்திக் கூட்டிப்போக மட்டும் என் மகளிடம் சம்மதம் வாங்கிக் கொடுங்கள். அவள் கையை விடவே மாட்டேன். அந்த வழியை இன்று மாலையே நடந்து பார்த்துவிட்டேன், தூண் எதுவும் இல்லை.