மச்சானுக்காக அடித்த எரு

மச்சானை வீட்டைவிட்டு விரட்டுவது என்று முடிவெடுத்தேன். ஆறு மாடு வைத்திருக்கிறவன் இதற்கெல்லாம் போலீசுக்கா போவான்?

மச்சான் என்றால் என் மனைவி மாரீஸ்வரியின் அண்ணன், முத்துக்கருப்பன். காரைக்குடியில் சொந்த வீடு, அந்த வீட்டில் சொந்த மனைவி. இரண்டும் இருந்தும், சாக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்தவர், முளைப்பாரி கரைத்து, பந்தல் பிரித்து, ராட்டினக்காரனும் ஊரைக் காலி செய்த பிறகும் கிளம்பவில்லை. அவர் வைக்கிற டிவி சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அதையாவது பொறுக்கலாம். சாயங்காலமானால் அண்ணனும் தங்கையும் சின்ன வயசுக் கதை பேச உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போனபின் அவளோடு நான் பேசுகிற நேரம் அது ஒன்றுதான். சொந்த வீட்டில் பேச்சுத் துணை இல்லாமல் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டை ஒட்டி மேற்கே எங்கள் வயல். இந்த மாசங்களில் காற்று அங்கிருந்துதான் வரும். வழக்கமாகக் குழியில் நன்றாக மக்கிய எருவைத்தான் அடிப்போம். இந்தத் தடவை தொழுவத்துப் பச்சைச் சாணியைக் கோமியம் சொட்டச் சொட்ட இறைத்துவிட்டு, உழாமல் அப்படியே போட்டுவைத்தேன். மச்சான் படுக்கிற அறை ஜன்னலுக்கு நேரே கொஞ்சம் தாராளமாகவே.

காற்று என் பக்கம் இருந்தது. மச்சான் முதலில் ஜன்னலைச் சாத்தினார். பிறகு மூக்கோடு வாயையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். சோறு உள்ளே போக வழியில்லை. மறுநாள் பெட்டியோடு வாசலுக்கு வந்தார். பாயசம் வைக்கச் சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் பின்னாலேயே இன்னொரு பெட்டி வந்தது. அது மாரீஸ்வரியுடையது.

"நானும் அண்ணனோட போறேன். நாத்தம் போனதும் சொல்லுங்க, அப்புறம் பாப்போம்."

அன்றைக்கு ஒரு நாள் விடுதலை போலத்தான் இருந்தது. அடுத்த நாளே வீடு பெரிதாகிவிட்டது. பழக்கத்தில் எல்லோருக்குமாகக் காப்பி போட்டு, ஆறவைத்துக் கொட்டினேன். வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று மச்சான் வைக்கிற அதே சத்தத்தில் டிவியை வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவள் திட்டுக்குக்கூட ஏங்கிப்போனேன்.

வேளாண்மை அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே அகல்யா என்ற பெண் அதிகாரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, பச்சைச் சாணியை வெயிலில் பரப்பிப் போட்டால் நாற்றத்தோடு சேர்ந்து பயிருக்கான சத்தும் காற்றில் போய்விடும் என்றார். நெல்லுக்குப் போட வேண்டிய சாப்பாட்டை மச்சான் மூக்குக்கு ஊட்டியிருக்கிறேன். உடனே உழுது மண்ணுக்குள் மூடச் சொன்னார். இனிமேல் மக்கிய எருவை மட்டும் காற்றில்லாத நேரத்தில் இறைத்து, அன்றைக்கே உழுதுவிட வேண்டும் என்றார்.

டிராக்டர் பிடித்து உழுதேன். எருக்குழிக்கு மேல் சருகும் மண்ணும் போட்டு மூடினேன். தொழுவத்தில் கோமியம் தேங்காமல் வாய்க்கால் வெட்டினேன். பிறகு மச்சானின் ஜன்னலைத் திறந்து, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துப் பார்த்தேன். மண் வாசனை மட்டும்தான் வந்தது. அதைச் சொல்லக்கூட வீட்டில் ஆள் இல்லை. போனை எடுத்தேன்.

"மாரி, நாத்தம் சுத்தமாப் போச்சு. வந்துரு."

"மக்குன எரு நாறாதுன்னு எனக்குத் தெரியாதா? பச்சைச் சாணிய யாருக்காக இறைச்சீகன்னும் தெரியும்."

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். உண்மைதான் வந்தது.

"தனியா இருக்க முடியல மாரி. இம்புட்டுப் பெரிய வீட்டுல பேச ஒரு ஆளு இல்ல."

குரல் உடைந்துவிட்டது. அது நடிப்பில்லை.

"சரி, கேக்கவே பாவமா இருக்கு. நாளைக்குக் காலையில பஸ் ஸ்டாப்புல வந்து நில்லுங்க" என்றாள்.

முகம் மழித்து, வெள்ளை வேட்டி கட்டி, குண்டுமல்லி வாங்கிக்கொண்டு போய் நின்றேன். பஸ் வந்தது. மச்சான் இறங்கினார். போகும்போது ஒரு பெட்டி, இப்போது இரண்டு. "மாப்ள, இதப் பிடிங்க" என்று பெரியதை என் கையில் கொடுத்தார். நான் அவருக்குப் பின்னால் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் இறங்கவில்லை. பஸ்ஸும் போய்விட்டது.

போன் அடித்தது.

"அண்ணன் வந்துட்டாகளா? மதினியும் நானும் இங்குட்டு நிம்மதியா இருக்கோம். பேச ஆளில்லைன்னு அழுதீகள்ல, அதான் அனுப்பிவச்சேன்."