அம்மாவின் கழுத்துக்கு நூறு இஞ்ச்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும், ஒருத்தர் கண்ணுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று அறிந்த ஜீவன் ஒன்றே ஒன்றுதான். ரேஷன் கார்டில் அவர் பேர் என்னவோ, எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் கயித்தண்ணன்.

ஆதியில் தென்னந்தோப்புகளில் குழிக்கு அடையாளம் போடுகிறவர். முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்துப் பிடித்து, இங்கே ஒரு குழி, இருபத்தைந்து அடி தள்ளி அடுத்த குழி என்று குச்சி நட்டுக்கொண்டே போவார். அப்புறம் டிஷ் மாட்டினார், கேமரா மாட்டினார், இப்போது வீடு வீடாகப் புரொஜெக்டர் மாட்டுகிறார். தொழில் எத்தனை மாறினாலும் அந்தக் கயிறு மட்டும் மாறவில்லை. டேப்பை நீட்டினால், அது தானே சுருட்டிக்கொண்டு ஓடுகிற சாமான், அதை எப்படி நம்புவது என்பார்.

ஒரு தடவை டீக்கடையில் டிவி மாட்டப் போனார். மாட்டிய கையோடு, எந்த பெஞ்சு எங்கே இருக்க வேண்டும் என்று கயிற்றை வைத்து அளந்து இழுத்துப் போட்டதில் கடைசி பெஞ்சு ரோட்டுக்கு வந்துவிட்டது. பின்னால் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. இவர் அசரவில்லை.

"பெஞ்சு இருக்கோணுங்கற எடத்துலதான் இருக்குதுங்க. ரோட்டத்தான் தப்பாப் போட்டுட்டாங்க."

இப்பேர்ப்பட்டவரைத்தான் நான் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அதற்குக் காரணம் அம்மா. அம்மா சினிமாப் பைத்தியம். புதுப்படம் வந்தால் முதல் நாளே பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிவிடுவாள். அப்பாவுக்குச் சாப்பாடு அடுப்பில் மூடி இருக்கும். கழுத்தெலும்பு தேய்ந்து பட்டை கட்டின பிறகு ரெண்டு வருஷமாகத் தியேட்டர் வாசலை மிதிக்கவில்லை. பஸ் குலுக்கலும் ஆகாது, அண்ணாந்து பார்க்கவும் ஆகாது. டிவி போட்டால் எழுந்து போய்விடுவாள், அந்தப் பொட்டிக்குள் மனுசங்க விரல் அளவுக்கு இருக்கிறார்களாம். மெல்ல மெல்லப் பேச்சும் குறைந்துவிட்டது. பேசாத அம்மா எனக்குப் பயமாக இருந்தாள்.

அதனால் தேங்காய் போட்டு வைத்திருந்த கீழறையைக் காலி செய்து வீட்டுத் தியேட்டர் ஆக்குவது என்று முடிவு செய்தேன். அம்மாவுக்காகத்தான், சத்தியமாக. ஆனால் நடுவில் என் கோயமுத்தூர் மச்சான் போன் போட்டு, தன் வீட்டில் நூற்றிருபது இஞ்ச் ஸ்கிரீன் மாட்டிவிட்டதாகவும், ஓணம் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாகவும் சொன்னான். போனை வைப்பதற்குள் எனக்கு நூற்றைம்பது என்று முடிவாகிவிட்டது. ஸ்கிரீனை மூலைக்கு மூலை அளப்பார்கள் என்பதுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வந்த கயித்தண்ணன் சுவரைப் பார்க்கவே இல்லை. நாற்காலியைப் பார்த்தார். யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டார். நான் நூற்றைம்பது என்றேன். ஸ்கிரீன் வாங்கும் முன்னே ஒத்திகை பார்க்க வெள்ளை வேட்டி ரெண்டு வேண்டும் என்றார்.

அதில் ஒன்று என் கல்யாண வேட்டி. ரெண்டையும் ஊக்குப் போட்டுச் சேர்த்து, நூற்றைம்பது இஞ்சுக்கு மடித்து, சுவரில் கட்டினார். இந்தச் சுவரோரம் தொடங்கி அந்தச் சுவரோரம் வரை வேட்டிதான். சமையல்கட்டுக்குப் போகிற கதவு வேட்டிக்குப் பின்னால் போய்விட்டது. என் மனைவி காபித் தட்டோடு வேட்டியைத் தூக்கிக்கொண்டு குனிந்து வந்தாள். ஏனுங்க, இனிமேல் மூணு வேளையும் இப்படித்தானா என்று கேட்டாள். நான் காபியை வாங்கிக்கொண்டேன்.

அம்மாவை அவள் நாற்காலியில் உட்கார வைத்து, கொண்டுவந்த புரொஜெக்டரில் படத்தைப் போட்டார். கதாநாயகன் வேட்டி பூராவும் நின்றான். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பட்டை கட்டின கழுத்து அவன் பெல்ட்டுக்கு மேல் போகவில்லை.

"நீங்க பாருங்க சாமி. எனக்கு இதெல்லாம் இனி எதுக்கு?" என்று எழப் போனாள்.

கயித்தண்ணன், "செத்த இருங்கம்மா" என்றபடி கயிற்றின் ஒரு நுனியை அம்மாவின் புருவத்துக்கு நேரே என்னைப் பிடிக்கச் சொல்லி, மறுநுனியைச் சுவரில் வைத்தார். பன்னிரண்டரை அடி. அந்தக் கயிற்றை மூன்றாக மடித்தார். இரண்டு மடிப்பை மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தார்.

"நூறு மதிங்க" என்றார். போதும் என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் மலையாளத்தில் சொல்லி முடிப்போம்.

மச்சான் வீட்டில் நூற்றிருபது இருக்கிறதே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"உங்க மச்சான் ஊட்டுல நீளமான ஹால் இருக்குமுங்க. உங்க அம்மாவோட கழுத்து இல்லீங்களே."

நான் வேட்டியின் ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன்.

வேட்டியை நூறு இஞ்சுக்கு மடித்து, தரையிலிருந்து ஒன்றரை அடியில் இறக்கிக் கட்டினார். பார்ப்பதற்குத் தவழ்கிற குழந்தைக்கு மாட்டியது போல இருந்தது. மறுபடியும் படம் ஓடியது. அம்மா கழுத்தை அசைக்கவில்லை, அசைக்க வேண்டியும் இருக்கவில்லை. கதாநாயகனின் முகம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. கால் மணி நேரத்தில் வில்லன் கத்தியோடு பின்னால் வந்தான்.

"அட கிறுக்கா, பொறத்தால பாருடா" என்று கத்தினாள் அம்மா.

தியேட்டரில் கத்துகிற அந்தக் குரலை ரெண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்டேன். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும் எதையோ துடைத்தேன். கயித்தண்ணன் எங்களைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டினார், அவிழ்த்தார், மறுபடி சுருட்டினார்.

ஓணத்துக்கு வந்த மச்சான், வேட்டி இருந்த இடத்தில் அதே அளவுக்கு மாட்டியிருந்த புது ஸ்கிரீனைப் பார்த்து, என்ன மாப்ள, இம்புட்டூண்டு என்று ஆரம்பித்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முழுப்படமும் பார்த்தான். கிளம்பும்போது கழுத்தைத் தடவிக்கொண்டே, தன் வீட்டில் படம் பார்த்தால் இங்கே வலிக்கிறது, அந்தக் கயிற்றுக்காரர் நம்பர் இருக்கா என்று கேட்டான். அந்த நிமிஷத்துக்கு எத்தனை இஞ்ச் வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம்.

கயித்தண்ணன் ஞாயிறுதோறும் வருகிறார். ஸ்கிரீன் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வருவதாகச் சொல்வார். இரும்புச் சட்டத்தில் இறுக்கின ஸ்கிரீன் எங்கே இறங்கப் போகிறது? அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வில்லன் வரும்போது ரெண்டு பேரும் சேர்ந்து கத்துவார்கள். அவர் அளந்தபோது நாங்கள் நான்கு நாற்காலிதான் போட்டிருந்தோம். இப்போது பன்னிரண்டரை அடியில் ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதில் ஆள் வந்து உட்காரும்வரை அம்மா படத்தைப் போட விடுவதில்லை.