கண்ணாடி பாய் என்னைப் போல நடந்த நாள்

திண்டுக்கல்லில் அடுத்தவர் உடம்புக்குள் போய்விட்டுத் திரும்பி வரத் தெரிந்த ஒரே ஆள் கண்ணாடி பாய்தான். அவர் கண்ணாடி போடுவதில்லை, விற்பதுமில்லை. நான் சூப்பர்வைசராக இருக்கும் ஜவுளிக்கடையில் கேமரா பார்ப்பது அவர் வேலை. திரையில் யார் எதைச் செய்தாலும், நாற்காலியில் உட்கார்ந்தபடி இவரும் அதையே செய்வார். அங்கே ஒருவர் பிடரியைச் சொறிந்தால் இங்கே இவர் சொறிவார். செய்து பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு.

"இவரு சேலை வாங்க மாட்டாரு தம்பி. மடிப்பப் பிரிக்கிறாரு, ஆனா கை பின்னாடியே வருது."

பத்து நிமிஷத்தில் அந்த ஆள் வெறுங்கையோடு படியிறங்கிவிடுவார்.

எனக்கு இது பிடிக்காது. பார்த்த மாத்திரத்தில் மனிதர்களை எடைபோடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நம்பிக்கை இருந்தது. எனக்கு மட்டும்தான் இருந்தது.

ஒருநாள் நத்தத்திலிருந்து வந்த ஒரு அம்மா, துணி அடுக்கின் ஓரமாகக் குனிந்து எதையோ பைக்குள் வைத்தார். திரையில் பார்த்த நான் துள்ளி எழுந்தேன். பாயும் குனிந்தார், வைத்தார், யோசித்தார்.

"செத்த பொறுங்க தம்பி. ஒளிக்கிற கை இம்புட்டு மெதுவாப் போகாது. எதையோ கொட்டிராமப் பாத்து வைக்கிறாக."

நான் பொறுக்கவில்லை. நாலு பேர் பார்க்கப் பையைத் திறக்கச் சொன்னேன். உள்ளே ஒரு தூக்குவாளியில் ரசம். ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகளுக்காம்.

"ஒங்களுக்கும் வேணுமாய்யா?" என்றார் அந்த அம்மா, நிஜமான கரிசனத்தோடு. ஒரு மாதம் கடையில் என் பெயர் ரசம் சார்.

அன்றிலிருந்து பாயிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்பு செய்தது நான், கோபித்துக்கொண்டதும் நான்.

போன வருஷம் ஒரு காலையில் மாடியேறி வந்து கேமரா அறைக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு சேல்ஸ் பெண்கள் நிற்க, பாய் நடந்துகொண்டிருந்தார். இடது காலை இழுத்து இழுத்து, இடது கையைத் தொங்கவிட்டு, வாயைக் கோணிக்கொண்டு. திரையில் நான் படியேறி வந்த காட்சி மறுபடி ஓடியது.

"என்ன பாய், நக்கலா?" என்று கேட்டேன். கேட்டதாகத்தான் நினைத்தேன். வாயிலிருந்து வந்ததோ கொழகொழவென்று வேறு ஏதோ. பெண்கள் சிரிக்கவில்லை.

"நக்கல் இல்ல தம்பி. நீங்க வந்த மாதிரியே நடந்து பாத்தேன், விழுந்துருவேன் போல இருக்கு. ரெண்டு கையவும் தூக்குங்க."

வலது கை மட்டும் மேலே போனது. இரண்டையும் தூக்கிவிட்டேன் என்றுதான் அப்போதும் வாதாடினேன்.

ஆட்டோவில் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாய் வந்தார். வழியெல்லாம் அவரைத் திட்டினேனாம். ஒரு வார்த்தையும் யாருக்கும் புரியாததால் என் மரியாதை பிழைத்தது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிரமம் என்றார்.

இப்போது நடக்கிறேன், பேசுகிறேன். இடது கை மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாய் நேரே என் வீட்டுக்கு வந்துவிடுகிறார். நான் இடது கையால் டம்ளரைத் தூக்கிப் பழக வேண்டும். பாதியில் கை நடுங்கி நிற்கும். எதிரே அவருடைய வெறுங்கையும் அதே உயரத்தில் நின்று நடுங்கும். டம்ளர் என் உதட்டுக்கு வந்து சேரும்வரை அவர் கையைக் கீழே இறக்குவதில்லை.