அண்ணையின் நினைவு மலரில் குவார்க்

இணுவில்.

அன்புள்ள பெறாமகள் வினோஜாவுக்கு, சித்தப்பா பஞ்சலிங்கம் எழுதுவது. நாங்கள் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. உன் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த வீட்டிலிருந்து அப்படி எழுதக் கை வரவில்லை. ஜேர்மனியில் உனக்குக் கந்தசுவாமியார் துணை.

நிற்க. அண்ணையின் நினைவு மலரில் போடச் சொல்லி நீ அனுப்பிய கட்டுரையை அச்சகத்தில் குடுத்தனான். புரோத்தனுக்குள்ளை மூண்டு குவார்க் இருக்கு, விலத்த விலத்த இழுவை குறையாது, இன்னும் இழுத்தா அந்தச் சக்தியிலேயே புதுக் குவார்க் பிறந்து பழசோடை சேர்ந்திடும், ஒண்டும் தனிய வராது எண்டு வடிவா எழுதியிருந்தாய். அச்சகத்துக்காரன் குவார்க் எண்டதை எழுத்துப்பிழை எண்டு நினைச்சு, எல்லா இடத்திலையும் குவாட்டர் எண்டு திருத்திப்போட்டான். சாராயம் மணந்தும் பாக்காத மனுசன்ரை படத்துக்குக் கீழை, "தனிக் குவாட்டரை எவராலும் காண முடியாது" எண்டு நிக்குது. நான் பேனையாலை வெட்டித் திருத்திக்கொண்டிருக்க, ஆரோ திருத்தாத மலர்க் கட்டைத் தூக்கிச் சனத்துக்குக் குடுத்திட்டினம். அண்ணையோடை பள்ளிக்கூடத்திலை படிப்பிச்ச கொழும்புத்துறைப் பார்த்தீபன் வாசிச்சுப்போட்டு, "மாஸ்டர் உந்தப் பழக்கத்தை எப்ப தொடங்கினவர்?" எண்டு என்ரை காதுக்குள்ளை கேட்டார். ஐயர் கேளாத மாதிரி இருந்தார்.

உன்ரை அம்மா செத்தவீட்டிலையும் அழேல்லை. மலரை வாங்கி வாசிச்சா, சிரிச்சா, சிரிப்பு நிக்கேல்லை. பிறகு, "தம்பி, பிள்ளை உண்மையிலை என்ன எழுதினது?" எண்டு கேட்டா. சொன்னன்.

"அப்ப ஒண்டும் தனிய இருக்காதோ?"

"ஓம் அண்ணி, அப்பிடித்தான் எழுதியிருக்கு."

"நான் இருக்கிறனே."

அதுக்குப் பிறகுதான் அழுதவ. பந்தியிலை இருந்த ஆக்கள் ஒருத்தரும் கை வைக்கேல்லை, சோறு ஆறிப்போச்சு.

இப்ப அண்ணி நல்லா இருக்கிறா. நேரத்துக்குச் சாப்பிடுறா. நீ பட்டச் சோதினையை விட்டிட்டு வர வேண்டாம். அண்ணையின்ரை ஆசீர்வாதம் உன்னோடை எப்பவும் இருக்கும்.

இப்படிக்கு,
சித்தப்பா.

பி.கு.: கடிதத்தின்ரை கடைசிப் பந்தி அண்ணி பக்கத்திலை வந்திருந்து சொல்லச் சொல்ல எழுதினது. இப்ப கிணத்தடிக்குப் போயிட்டா. அவ சாப்பிடுறேல்லை. சோதினையைப் பிறகு எடுக்கலாம். வெளிக்கிட்டு வா பிள்ளை.