ஃபாலோ-அப் அண்ணனும் முன் சக்கரமும்

சைக்கிளைப் பறிகொடுப்பதற்கென்றே ஒரு மனிதர் பிறந்து வந்தார் என்றால் அது எங்கள் ஃபாலோ-அப் அண்ணன்தான். அவர் வாங்கிய சைக்கிள்களை அவர் ஓட்டிய தூரத்தைவிடத் திருடர்கள் ஓட்டிய தூரம் அதிகம். சாயப்பட்டறை வாசலில் ஒன்று போனது. கோயில் வாசலில் ஒன்று போனது. புதுச் சைக்கிள் நிலைக்க வேண்டுமென்று அவர் உள்ளே அர்ச்சனை செய்துகொண்டிருந்த நேரம். இன்னொன்று போன கதையை அவரே எனக்குச் சொன்னார். பிரிண்டிங் பட்டறை ஒன்றின் வாசலில் ஓர் ஆள் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, டயரில் காற்று இறங்கிவிட்டது, உள்ளே பம்பு இருக்குமா என்று பாவமாகக் கேட்டிருக்கிறான். அண்ணன் ஓடிப்போய்ப் பம்பை வாங்கிவந்து தந்திருக்கிறார்.

“தந்ததோட விட்டனுங்களா தம்பி, நானே காத்தும் அடிச்சுக் குடுத்தனுங்க. ஏறி உக்காந்ததும் பின்னால ஒரு தள்ளும் தள்ளிவிட்டனுங்க. அவன் முக்கு திரும்புனதுக்கப்புறந்தான், என்ற சைக்கிளு எங்கன்னு தேடுனனுங்க.”

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன நான், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தேன். அண்ணனுக்கு அதே கம்பெனியில் ஃபாலோ-அப் வேலை. ஒரு பனியன் ஒரே இடத்தில் உருவாவதில்லை. ஓரிடத்தில் துணியாகும், இன்னோர் இடத்தில் சாயம் ஏறும், வேறோர் இடத்தில் படம் அச்சாகும். எல்லா இடத்திலும் ‘நாளைக்கு ரெடியாயிரும்’ என்பார்கள். அந்த நாளையை இன்றைக்கு ஆக்குவதுதான் ஃபாலோ-அப். நாள் முழுக்க ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு யாருக்கும் இது தண்டனை. அண்ணனுக்கு இது உடம்பில் ஓடும் ரத்தம்.

அவருக்கு நிற்க வராது. பேசும்போது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருப்பார். டீயை வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவார்; குடித்து முடிக்கும் இடத்தில் எந்த டீக்கடை இருக்கிறதோ அங்கே கிளாஸை வைத்துவிடுவார். எங்கள் ரோட்டில் எந்தக் கிளாஸ் எந்தக் கடையுடையது என்று கடைக்காரர்களே கேட்பதை விட்டுவிட்டார்கள். மற்ற கம்பெனிகளின் ஃபாலோ-அப் ஆட்கள் மோட்டார் பைக்கில் பறந்தபோது இவர் சைக்கிளை விடவில்லை. காரணம் கேட்டால், பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்க வேண்டுமே என்பார். அவர் பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் வருவதற்குள் அவர் போயிருப்பார்.

ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் துணிகளின் தரம் பார்க்க ஓர் ஆளை எங்களிடம் அனுப்பியிருந்தது. அந்த மனிதர் மலையில் ஓட்டுகிற கியர் சைக்கிள் ஒன்றைக் கூடவே கொண்டுவந்திருந்தார். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், இரண்டு கைப்பிடியிலும் கியர். மற்றவர்கள் அவரிடம் அடுத்த ஆர்டர் எப்போது என்று கேட்டார்கள். அண்ணன் மட்டும் கியர் எப்படி மாறுகிறது என்று கேட்டார். மொழி தெரியாத இருவரும் காலை நேரங்களில் மங்கலம் ரோட்டில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது அவர் சைக்கிளை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

அண்ணனின் மனைவியை நாங்கள் அக்கா என்போம். எங்கள் கம்பெனியிலேயே செக்கிங் பிரிவில் இருந்தார். சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்தவர் ஒரே ஒரு யோசனை சொன்னார். “திருட்டுக் குடுக்கறதுக்கு முன்னால ஒரு போட்டோ புடிச்சு வெச்சுக்குங்க.”

அந்த வார்த்தை அண்ணனைக் குத்திவிட்டது. இந்தச் சைக்கிளை உயிர் போனாலும் விடுவதில்லை என்று முடிவெடுத்தார். முதலில் சங்கிலி வந்தது. லாரியில் சரக்கு கட்டுகிற தடிமனில் ஒரு சங்கிலியை மாலை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு ஓட்டினார். அதற்கு ஆட்டுக்கல் கனத்தில் ஒரு பூட்டு. பின் சக்கரத்துக்குத் தனியாக ஒரு பூட்டு. அதிலும் நம்பிக்கை வரவில்லை. அந்தச் சைக்கிளின் முன் சக்கரத்தை ஸ்பேனர் இல்லாமல் ஒரு லீவரைத் தள்ளியே கழற்றிவிடலாம். போகிற இடமெல்லாம் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்.

பேங்குக்குள் சக்கரத்தோடு போனார். முடிவெட்டும் கடையில் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே துண்டைப் போர்த்திவிடச் சொன்னார். அவிநாசிபாளையத்தில் அக்காவின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து நாற்காலியில் சக்கரத்தைச் சாய்த்து வைத்திருந்தார். பரிமாற வந்த பையன் பழக்கதோஷத்தில் அதற்கும் ஓர் இலையைப் போட்டுவிட்டுப் போனான். மணமேடையில் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே சக்கரத்தோடு அவர் நிற்கும் படம் இன்றைக்கும் அந்த ஆல்பத்தில் இருக்கும். அதன் பிறகு ஒறம்பரைச் சொந்தங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அக்கா தனியாக பஸ்ஸில் போகத் தொடங்கினார்.

அடுத்து மாறுவேஷம். புதுச் சைக்கிள் என்று தெரிந்தால்தானே திருடுவார்கள், பழசு மாதிரி ஆக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. கட்டிங் பிரிவில் மிஞ்சிய துணியைக் கிழித்து ஃபிரேம் முழுக்கச் சுற்றிவிட்டார். எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளைப் போல இருந்தது. ஆனால் அந்த வாரம் மிஞ்சிக் கிடந்தது சாயம் தப்பிப்போன ரோஸ் நிறத் துணி. அரை கிலோமீட்டர் தூரத்திலேயே கண்ணைப் பறிக்கும். யாருக்கும் தெரியக்கூடாது என்று செய்த வேலையால் சைக்கிள் ஊர் முழுக்கப் பிரபலமாகிவிட்டது.

அதுவே ஒருநாள் கைகொடுத்தது. அண்ணன் முன் சக்கரத்தோடு ஒரு பட்டறைக்குள் போயிருந்த நேரம், சைக்கிளைக் கட்டி வைத்திருந்த ஜன்னல் கம்பி இற்றுப்போயிருந்ததால் ஒருவன் சங்கிலியைக் கம்பியோடு சேர்த்து இழுத்துப் பிடுங்கி, பின் சக்கரப் பூட்டையும் உடைத்துவிட்டான். முன்பக்கத்தைத் தோளில் தாங்கி, பின் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு நடந்தான். ரோஸ் நிறத்தைக் கண்டதும் ஒரு நிட்டிங்காரர் ஓடிவந்து, துணி நாளைக்கு ரெடியாகிவிடும் என்று அண்ணனிடம் சொல்லச் சொன்னார். அடுத்த முக்கில் ஒரு பிரிண்டிங்காரர், கரண்ட் இல்லாததால்தான் லேட், கோபிக்க வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். டீக்கடைக்காரர் ஒரு கிளாஸை அவன் கையில் திணித்து, இது எதிர்க் கடையுடையது, போகிறபோது கொடுத்துவிடுங்கள் என்றார். பாவம், அவனால் பத்தடிகூட நிம்மதியாக நடக்க முடியவில்லை. கடைசியில் எதிர்க் கடை வாசலிலேயே சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடிப்போனான். கிளாஸை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டுத்தான் ஓடினான்.

சைக்கிள் கடையொன்றில் ஒட்டியிருந்த நோட்டீஸை அண்ணன் பார்த்தது இந்தச் சமயத்தில்தான். கோயமுத்தூர்ப் பையன்கள் சிலர் சேர்ந்து குன்னூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் மலைச் சைக்கிள் போட்டி நடத்துகிறார்களாம். வயது வரம்பு இல்லை. அண்ணனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அன்று முதல் அவர் கால்கள் இன்னும் வேகமாக மாறி மாறி நின்றன.

திருப்பூரில் மலை இல்லை. ஆனால் தோண்டாத ரோடும் இல்லை. குழாய் பதிக்கிறோம் என்று தெருத்தெருவாகக் கிளறிப் போட்டிருந்த மண்மேடுகள்தான் அவருடைய நீலகிரி. ஊரே திட்டிய குழிகளை அவர் ஒருவர்தான் ரசித்து ரசித்து ஏறி இறங்கினார். ஒரு தெருவில் குழியை மூடி ரோடு போட்டுவிட்டார்கள் என்று மனம் நொந்துபோய் வந்தார். கல் மேல் ஓட்டிப் பழக வேண்டுமென்று திருமுருகன்பூண்டிக்குப் போய், சிலை செதுக்கும் பட்டறைகளின் பின்னால் கொட்டிக் கிடக்கும் கருங்கல் சில்லுகளில் ஓட்டினார். ஒருமுறை சறுக்கி, பாதி செதுக்கிய ஒரு நந்தியின் மேல் போய் விழுந்தார். நந்திக்கு அடி படவில்லை என்று தெரிந்த பிறகுதான் சிற்பிகள் அண்ணனைத் தூக்கினார்கள். தண்ணீரில் ஓட்டிப் பழக நொய்யலில் இறங்கினார். அன்று எந்தப் பட்டறையில் என்ன நிறமோ ஆற்றிலும் அதே நிறம். முழங்கால் வரை ஊதாவாகித் திரும்பி வந்தார்.

இத்தனையும் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டுதான். கழற்றி வைத்தால் சங்கிலியைத் திருடிவிட மாட்டார்களா என்பது அவர் கேள்வி.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் எங்கள் சரக்கு கன்டெய்னரில் ஏற வேண்டும். அண்ணன் முதலாளியிடம் போய் லீவு கேட்டார். முதலாளி காலண்டரைப் பார்த்தார். பிறகு கம்பெனி டெம்போவையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். “பஸ்ஸுல போனீங்கன்னா சைக்கிளுக்குக் காவலா அங்கயே குடியிருந்துருவீங்க. திங்கக்கெழம காத்தால நீங்க எனக்கு வேணுமுங்க.” துணைக்கு என்னை அனுப்பினார்.

மலையில் குளிர். வந்திருந்த பையன்கள் எல்லாம் வழவழப்பான உடையும் லேசான ஹெல்மெட்டுமாக நின்றார்கள். அண்ணன் டெம்போ டிரைவரின் மோட்டார் பைக் ஹெல்மெட்டை இரவல் வாங்கி மாட்டியிருந்தார். சைக்கிளை ஒரு யூகலிப்டஸ் மரத்தில் சங்கிலியால் கட்டிவிட்டு, முன் சக்கரத்தோடு போய் நம்பர் வாங்கிவந்தார். பூட்டைத் திறக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். திருடன் கையில் சிக்கக்கூடாதென்று சாவி ஒளிக்கும் இடத்தை அவர் அடிக்கடி மாற்றுவார். கடைசியாக ஃபிரேமில் சுற்றிய துணிக்குள் செருகியிருந்தார். எந்த இடத்தில் என்பது மறந்துவிட்டது.

நானும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் துணியை அவிழ்த்தோம். அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. இதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். எல்லோரும் போய், புழுதியும் அடங்கிய பிறகு, ஹேண்டில்பாருக்குக் கீழே சாவி கிடைத்தது. துணியெல்லாம் போன பிறகு பார்த்தால் அது கருநீலச் சைக்கிள். எங்களுக்கே அது மறந்துபோயிருந்தது. அண்ணன் முன் சக்கரத்தை மாட்டி, சங்கிலியைப் பூட்டோடு என் கழுத்தில் போட்டுவிட்டு ஏறினார். இத்தனை நாள் சுமந்த கனம் இல்லாததால் முதல் மிதியிலேயே சைக்கிள் தாவியது. அவரே பயந்துவிட்டார். அப்புறம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அந்தப் பெரிய ஹெல்மெட் மட்டும் போவது தெரிந்தது.

தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிற போட்டி அது. இரண்டாவது சுற்றில் எங்களைக் கடந்தபோது அவருக்கு முன்னால் நான்கைந்து பேர்தான் இருந்தார்கள். கடைசியில் புறப்பட்ட மனிதர். நானும் டிரைவரும் தொண்டை கட்டும்வரை கத்தினோம். கடைசிச் சுற்றில் ஒவ்வொருவராக வந்தார்கள். பரிசு வாங்குகிறவர்கள் வந்தார்கள், வாங்காதவர்கள் வந்தார்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் வந்தார்கள். அண்ணன் வரவில்லை.

போட்டி நடத்தும் பையன் ஒருவன் வந்து, உங்க ஆளு கீழே ஓடைப் பக்கம் நிற்கிறார், சொன்னாலும் நகர மாட்டேங்கிறார் என்றான். ஓடினேன். ஒரு சரிவில் முள்வேலியோரம் விலையுயர்ந்த சிவப்புச் சைக்கிள் ஒன்று கிடந்தது. அதன் பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கால் மாற்றவில்லை. கை வீசவில்லை. நட்டு வைத்த மாதிரி நின்றார்.

சிவப்புச் சைக்கிள்காரன் ஒரு காலேஜ் பையன். விழுந்து தோளெலும்பில் அடி. ஜீப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சைக்கிளை ஏற்ற இடமில்லை. பின்னால் வந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

“அண்ணே, பரிசெல்லாம் குடுத்து முடிச்சாச்சு,” என்றேன்.

“தெரியுமுங்க தம்பி. இங்க ஆளு போற வர்ற பாதைங்க. ஆளில்லாம கெடக்குதுங்க.”

“இவ்வளவு பாடுபட்டுட்டு இப்படி நின்னுட்டியளே, வருத்தமா இல்லையா?”

“இல்லாம இருக்குமுங்களா?” என்றார். “அந்தப் பையன் திரும்பி வந்து, சைக்கிளு இருந்த எடத்துல வெறுந்தரையப் பாக்கக்கூடாதுங்க. அது எப்புடி இருக்குமுன்னு எனக்குத் தெரியுமுங்க.”

நானும் அவரோடு நின்றேன். மத்தியானத்துக்கு மேல் அந்தப் பையன் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, இனி எங்கே இருக்கப்போகிறது என்ற முகத்தோடு சரிவில் இறங்கி வந்தான். சைக்கிளைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், உதடு கோணியது. ஒரு கையால் அவரைக் கும்பிடப் பார்த்து முடியாமல் நெஞ்சில் வைத்துக்கொண்டான். அண்ணன் என் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி அவன் சைக்கிளில் மாட்டி, பூட்டையும் சாவியையும் அவன் பையில் போட்டார். “சாவிய ஒரே எடத்துல வெச்சுக்கோணுங் கண்ணு,” என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது கருநீலச் சைக்கிளை டெம்போவின் பின்னால் ஏற்றினோம். கட்டச் சங்கிலி இல்லை, கயிறு போதவில்லை. அண்ணனை முன்னால் டிரைவர் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு நான் பின்னால் ஏறிக்கொண்டேன். சாயங்கால வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் குளிர் எலும்பைத் தொட்டது. ஒவ்வொரு வளைவிலும் டிரைவருக்குப் பின்னாலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக அண்ணன் முகம் திரும்பி எட்டிப் பார்த்தது. நான் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே லேசாகத் தூக்கிக் காட்டினேன். பர்லியாறு தாண்டிய பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவர் தலை தூக்கத்தில் மெதுவாக ஒரு பக்கம் சாய்வது தெரிந்தது. மேட்டுப்பாளையம் வரும்வரை நான் கையை எடுக்கவே இல்லை.