சுவரில் ஒட்டிக்கொண்ட தாடிக்காரர்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னாலேயே வேறோர் ஆணுக்காகச் சண்டை பிடித்தவள் நான். அந்த மனிதர் செத்து நூறு வருடமாவது இருக்கும். அம்மா அதை ஒரு சமாதானமாகக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் எனக்குத் தட்டச்சு வேலை. கப்பலில் வந்த பழைய சஞ்சிகை ஒன்றில், ஐரோப்பிய ஓவியர் ஒருவர் தன்னைத்தானே வரைந்த எண்ணெய் வண்ணப் படம் இருந்தது. தாடி, கசங்கிய தொப்பி, கண்ணுக்குக் கீழே பை. ஒரு பருவைக்கூட மனிதர் மறைக்கவில்லை. அதைப் பார்த்து வரைந்தே உருவப்படக் கலையைக் கற்றுவிடுவதென்று தீர்மானித்தேன். (வாத்தியார் வேண்டாமா? எனக்கா!)

முன் அறையில்தான் நல்ல வெளிச்சம். கிண்ணியாத் தோணிக்காரர் ஒருவரிடம் வாங்கிய பாய்ச்சீலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுவரில் தாழ்வாக ஆணி அடித்து மாட்டி, தரையில் இருந்தபடியே இரண்டு மாதம் வரைந்தேன். பாதியில் ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துபோனது. கடையிலும் இல்லை. எல்லாம் எண்ணெய்தானே என்று குசினியிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்துக் கலந்தேன். அது காயவே காயாது என்பது உலகத்து ஓவியர் எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர.

மட்டக்களப்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். அம்மா சுவரிலிருந்த என் படத்தைச் சுட்டிக் காட்டினார்.

“பிள்ளை, இந்தத் தாடிக்காரனைக் கழட்டி உள்ளுக்கு வை.”

“ஏலாது. நான் என்ன செய்யிறனான் எண்டு வாறவை பாக்கட்டும்.”

“பாத்தால் திரும்பிப் போயிடுவினம்!”

கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார்: படம் அங்கேயே இருக்கலாம், முகம் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் பெரியப்பா நல்ல பருமன். சரியாக அந்தப் படத்தில் முதுகைச் சாய்த்து வாங்கில் அமர்ந்தார். ஒவ்வொரு சிரிப்புக்கும் பின்னால் ஓர் அழுத்து அழுத்தினார். நான் தேத்தண்ணீர் கொண்டுவந்ததும் கோப்பையை வாங்க முன்னால் குனிந்தார். படம் தொப்பென்று விழுந்தது. புது வெள்ளைச் சுவரில் தாடிக்காரர் இருந்தார்.

“ஐயோ, ஆர் இது?” என்றார் மாப்பிள்ளையின் தாய்.

“நான் கீறினது, மாமி.”

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை கிட்ட வந்து பார்த்தார். “மூக்கு கோணல்” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிருக்கலாம். “கோணலில்லை! அந்த மனிசன்ரை மூக்கே அப்பிடித்தான். பொறுங்கோ!” என்று தட்டை மாப்பிள்ளையின் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய்ச் சஞ்சிகையைக் கொண்டுவந்தேன். கால்மணி நேரம் மூக்கைப் பற்றியே வாதாடினேன். (உண்மையைச் சொன்னால் கோணல்தான். அதை அவர் சொல்லி நான் கேட்பதா?) மாப்பிள்ளை தட்டைப் பிடித்தபடியே நின்றார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், படம் கீறுவதை மட்டும் விட்டுவிட வேண்டுமாம். பதிலைக் கந்தோரில் நானே தட்டச்சு செய்தேன். ஒரே வரி: “விட மாட்டாள்.” அப்பா கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சுவருக்கு எத்தனையோ தரம் வெள்ளை அடித்தாயிற்று. சில வாரங்களில் எண்ணெய் ஊறித் தாடிக்காரர் வெளியே வந்துவிடுவார். பிற்காலத்தில் என்னைக் கட்டி இந்த வீட்டுக்கே வந்தவர் அவருக்கு “மூத்தவர்” என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் நான் கோபத்தில் கதைக்காமல் இருந்தால், வீடு முழுக்கக் கேட்கச் சுவரைப் பார்த்துக் கேட்பார்:

“அண்ணை, நீங்கள் இவவை எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?”